ஊமைத்துரையின் கடன்

கட்டபொம்மனை அறியாத தமிழர் இல்லை. அவன் தம்பியைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. திருச்செந்தூர்ப் பூஜை மணியோசை வழியிலுள்ள மணிக்கூண்டுகளில் ஒன்று மாற்றி ஒன்றாக ஒலித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்கு எட்டிய பிறகுதான் கட்டபொம்மன் சாப்பிட உட்காருவான் என்று எங்கள் ஆறுமுகநேரிப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். தம்பியின் பசியைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்துப் போட்டார்கள். தம்பி குமாரசாமி பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தான். அவனை ஊமை என்பார்கள். திக்குவாய் என்பாரும் உண்டு. மற்றவர்கள் துக்கத்தை நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். அவனுக்கு அந்த வழியும் இல்லை.

1801 பிப்ரவரி 2-ம் தேதி சிறையிலிருந்து தப்பினான். காட்டிலோ மலையிலோ மறைந்திருக்கலாம், போகவில்லை. இடிந்த கோட்டைக்கே திரும்பினான். சில நாட்களுக்குள் சுவர்கள் மீண்டும் எழுந்தன. சரித்திரக்காரர்கள் இதற்கு அரசியல் காரணம் சொல்லட்டும். 'அண்ணன் போய்விட்டான், நான் இருக்கிறேனே' என்ற உறுத்தல் உள்ளவன்தான் அந்த இடத்தைத் தேடிப் போவான் என்று, கதை எழுதிப் பழகிய எனக்குத் தோன்றுகிறது.

அவனை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, 1830-ல் வெளியான தம் நினைவு நூலில் அவனை வியந்து எழுதியிருக்கிறார். வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் அடுக்கி, இவைதாம் வெள்ளையர் படை என்று காட்டுவானாம். மறு கையால் அவற்றைத் தள்ளிவிட்டு, வாயால் ஓர் ஒலி எழுப்புவானாம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு!

மே 24-ம் தேதி கோட்டை வீழ்ந்தது. காயம்பட்ட ஊமைத்துரை பிணங்களுக்கிடையே கிடந்தான். மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். உயிர் பிரியும் தறுவாயிலிருந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் 'சாமி'யைக் காப்பாற்றும்படி கெஞ்சினான். அவளும் மற்றப் பெண்களும் ஊமைத்துரையைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவன் என்று சொல்லிக் காப்பாற்றினார்கள். இதைச் சொல்பவரும் அந்த வெல்ஷ்தான்.

அண்ணனுக்குப் பட்ட கடனைத் தீர்க்க வந்தவன், பேர் தெரியாத ஒரு பிள்ளைக்கும் கடன்பட்டுவிட்டான். இனி அவன் ஒளிந்து வாழ முடியுமா? சிவகங்கைச் சீமைக்குப் போய், மருது சகோதரர்களோடு சேர்ந்து மீண்டும் போரிட்டான். பிடிபட்டான். 1801 நவம்பர் 16-ம் தேதி பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவனைத் தூக்கிலிட்டார்கள்.

அண்ணனுக்குப் பிறகு அவன் உயிரோடிருந்தது சரியாக இரண்டு வருஷமும் ஒரு மாதமும். அதில் பாதிக்கு மேல் சிறையில் கழிந்தது, மிச்சமெல்லாம் போரில். தனக்கென்று அவன் வாழ்ந்த நாள் எத்தனை என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.