காப்பாராக, காப்பார்: திருப்பாடல் 72 - ஒரு வரலாற்று நோக்கு

எபிரேயத் திருப்பாடல்களுள் 72ஆம் பாடல் அரசனுக்காகச் செய்யப்பெற்ற வேண்டுதலாகும். அதன் தலைப்பில் சாலமோனின் பெயர் காணப்படுகிறது. வெற்றியையும் வளத்தையும் கேட்பதற்கு முன்னரே, இறைவனின் நீதியை அரசனுக்கு அருளுமாறு அது வேண்டுகிறது. எளியோர்க்கு நீதி வழங்குதலும் ஒடுக்குவோரை அடக்குதலும் அரசனின் கடமைகளாகின்றன. ஆகவே, அஃது அரசனுக்குரிய வாழ்த்து மட்டுமன்று. அவனை அளக்கும் அளவுகோலுமாகும்.

'மெசியா' என்னும் சொல் எண்ணெய் பூசித் திருநிலைப்படுத்தப்பெற்றவர் எனப் பொருள்படும். தொடக்கத்தில் அஃது ஆளும் அரசனையே பெரிதும் குறித்தது. கி.மு. 587-86 அளவில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ, தாவீதின் மரபு அரியணையை இழந்தது. பாடல் நிலைத்தது, அது குறித்த அரசன் இல்லை.

இந்நிலையில் மொழியமைப்பு ஒரு வழி காட்டிற்று. இப்பாடலின் எபிரேய வினைகள் பலவற்றை வியங்கோளாகவும் எதிர்கால முற்றாகவும் கொள்ளலாம். 'காப்பாராக' என்பது 'காப்பார்' ஆகலாம். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு பலவிடங்களில் எதிர்காலத்தையே கொண்டது. கி.மு. 63இல் உரோமானியத் தளபதி பொம்பேயி எருசலேமைக் கைப்பற்றிய சூழலில் எழுந்த 'சாலமோனின் திருப்பாடல்கள்' என்னும் யூத நூலின் 17ஆம் பாடல், குதிரையையும் வில்லையும் நம்பாத தாவீதின் மைந்தனை எதிர்நோக்கியது. அராமேய மொழிபெயர்ப்பாகிய தார்கும் 72ஆம் பாடலின் அரசனை மெசியா என்றே விளக்கிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிறித்தவ அறிஞர் யுஸ்தீன், அப்பாடல் சாலமோனுக்குப் பொருந்தாது, கிறித்துவுக்கே உரியது என வாதிட்டார்.

இரு சமயத்தாரும் அரசர் யார் என்பதில் வேறுபட்டனர்; எளியோர்க்கு நீதி என்னும் அளவுகோலில் வேறுபடவில்லை. வரவிருக்கும் அரசரைக் காட்டி, ஆளும் அரசரை அவ்வளவுகோலினின்று விடுவித்தல் பாடலின் கருத்துக்கு முரணாகும்.