துரை மாளிகையும் தெரு மடமும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துப் பிரபு மாளிகைகளைப் பேணுவதை அந்நாட்டார் தேசியக் கடமையாகவே கருதுகின்றனர். வரிச்சுமை தாங்காத பிரபு, மாளிகையை நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்துவிட்டு அதிலேயே குடியிருக்கலாம் என்ற ஏற்பாடு 1937-இல் பிறந்தது. பிரபுவுக்கு நட்டமில்லாத தியாகம்! ஆயினும் 2020-இல் அதே நிறுவனம், தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வாணிபத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்புண்டு என்று வெளியிட்டது.

அம்மாளிகைகளின் சாயலை யாழ்ப்பாணத்திலும் காணலாம். 1829-இல் நிர்வாகியாக வந்து, சிறு இடைவெளி நீங்கலாக 1867-இல் இறக்கும்வரை ஆண்ட பேர்சிவல் அக்லண்ட் டைக், மரங்கள் நட்டு, வாசஸ்தலம் அமைத்து உருவாக்கிய இடமே பழைய பூங்கா. 'வடக்கின் ராஜா' என்றே அவரை அழைத்தனர். அவர் அதிபராயிருந்த காலத்தில்தான், 18 முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்ற 1848-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பூங்காவின் மரநிழலைப் புகழ்வோர் இந்த ஆறு நாளையும் நினைக்கட்டும்.

பூங்காவின் பழைய கட்டடங்கள் போரில் சிதைந்தன. இடிந்த சுவர்களையேனும் காக்கவேண்டும் என்பதே நம் கருத்து. துரையின் பெருமைக்காக அல்ல, ஆட்சி நடந்த விதத்துக்குச் சாட்சியாக. ஆனால் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழமைக்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது! யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்ததோ 1619-இல். ஆங்கிலேயர் இங்கு வந்தது 1795-இல். அந்நாளுக்குப் பிந்தியவற்றைத் தனியே பிரகடனம் செய்தாலன்றிக் காப்பில்லை.

மாளிகைக்காவது நகரத்தில் குரல் கொடுக்க ஆளுண்டு. தெரு மடத்துக்கு யார்? புங்குடுதீவின் மடத்துவெளி தன் பெயரிலேயே ஒரு மடத்தைச் சுமக்கிறது. மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு உரச ஆவுரோஞ்சிக்கல்: தலைச்சுமையோடு நடந்தவர்களுக்காக எழுந்த கட்டடக்கலை இது. அத்திண்ணை எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருந்தது என்று நடிக்கவேண்டாம். கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் ஒடுக்கப்பட்டோருக்குப் பூட்டியிருந்த குடாநாடு இது. அவ்வரலாறும் அக்கற்களுக்கு உரியதே.

தீவகத்து ஆசிரியர்கள் மாணவரோடு அளவுநாடா எடுத்துக்கொண்டு புறப்படலாம். எஞ்சிய மடங்களையும் சுமைதாங்கிகளையும் அளந்து, வரைந்து, யார் கட்டினர், யார் கல் சுமந்தனர், யாரை உள்ளே விடவில்லை என்று முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தால், பிரகடனம் கோரும் மனுவுக்கு அதுவே முதல் ஆவணம்.