நீலாசலத்துக் காமாக்கியை

தீபாவளி நெருங்கும்போது நரகாசுரன் கதையைச் சொல்லாத தமிழ்ப் பள்ளி இல்லை எனலாம். மண்மகள் பெற்ற மகன், பிராக்ஜோதிஷம் என்னும் நகரை ஆண்டவன், கண்ணனால் மாண்டவன். இந்த அளவில் பாடம் முடிந்துவிடும். அந்தப் பிராக்ஜோதிஷம் எங்கே இருந்தது என்று கேட்கும் மாணவன் அரியன். பழைய நூல்கள் அதனைக் காமரூப நாட்டில், அதாவது இன்றைய அஸ்ஸாமில் வைத்துப் பேசுகின்றன. அந்நாட்டை ஏறத்தாழ 4ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட மூன்று அரச மரபினரும் தம்மை நரகன் வழிவந்தோர் என்றே செப்பேடுகளில் பொறித்துக்கொண்டனர். எவன் மறைவுக்காக நம்மவர் எண்ணெய் தேய்த்து நீராடி மகிழ்கின்றனரோ, அவனே அங்குக் குலமுதல்வன்!

அந்நரகனோடு பிணைத்துப் பேசப்படும் தெய்வம் காமாக்கியை. குவாஹாத்தி நகரின் மேற்புறத்தே, பிரமபுத்திரா நதியை ஒட்டி எழுந்துள்ள நீலாசலக் குன்றின்மேல் அவள் கோயில் உள்ளது. 10 அல்லது 11ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கருதப்படும் காளிகா புராணம் அவள் வரலாற்றை விரித்துரைக்கின்றது. சிவபெருமான் சுமந்து திரிந்த சதிதேவியின் உடல் துண்டுகளாகி மண்ணில் விழுந்தபோது, அவளுடைய யோனி இக்குன்றில் விழுந்ததாம். குன்று நீலநிறம் பெற்றதாம். அங்கு வாழ்ந்த கிராதரைத் திருமால் அகற்றி, நரகனை அரசனாக்கி, இத்தேவியை வழிபடுமாறு பணித்தார் என்பதும் அப்புராணத்துச் செய்தியே.

இக்கதையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். கிராதர் என்போர் மலைவாழ் மக்கள். அவர்கள் அங்கிருந்தனர் என்பதைப் புராணமே மறைக்கவில்லை. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் பாஸ்கரவர்மனின் விருந்தினராகக் காமரூபம் சென்றார். அந்நாட்டுத் தேவர் கோயில்களைப் பற்றி எழுதியவர் காமாக்கியையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. ஆகவே அவள் முதலில் மலைமக்களின் தாயாக இருந்து, பின்னரே வடமொழி நூல்களில் இடம்பெற்றாள் என்று கொள்வது பொருந்தும். அஸ்ஸாமிய அறிஞர் பாணிகாந்த காகதி 1948இல் வெளியிட்ட நூலில், காமாக்கியை என்ற பெயரே ஆரியச் சொல்லன்று, ஆவியையும் பிணத்தையும் குறிக்கும் ஆஸ்திரிக் மொழிச் சொற்களோடு உறவுடையது என்று வாதிட்டார். சொல்லாராய்ச்சியில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும், தாய்வழி உரிமையுடைய காசி மக்களின் மலைகள் நீலாசலத்திற்குத் தொலைவில் இல்லை என்பதை நினைவிற் கொண்டால், அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

கருவறையில் சிலை இல்லை. இருளில் படியிறங்கிச் சென்றால் நிலமட்டத்திற்குக் கீழே ஒரு பாறைப் பிளவு. அதில் எந்நேரமும் ஊறும் நீர். துணியும் மலரும் மூடியிருக்க, அடியவர் அந்நீரைத் தொட்டு வணங்கித் திரும்புகின்றனர். மேலுள்ள கட்டடமோ பிற்காலத்தது. பழைய கற்கோயில் அழிந்தபின், எஞ்சிய கல்லடித்தளத்தின்மேல் செங்கல்லால் தேன்கூடு போன்ற விமானம் எழுப்பி, 1565இல் கோச் மன்னன் நரநாராயணனும் அவன் தம்பி சிலாராயும் திருப்பணி செய்தனர். அவ்வளவு செய்த மன்னனின் வழித்தோன்றல்கள் இக்குன்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்றும், தேவி நடனமாடுவதை மன்னன் ஒளிந்திருந்து கண்டதால் வந்த சாபம் அது என்றும் ஒரு கதை வழங்குகின்றது.

சிலை இல்லையே தவிர, தியானத்திற்குரிய உருவம் உண்டு. காளிகா புராணம் ஆறு நிறத்தில் ஆறு முகமும், பன்னிரு கைகளும் கூறும். அவள் இருக்கை வியப்பிற்குரியது: கீழே சிங்கம், அதன்மேல் வெண்ணிறப் பிணம், அதன்மேல் செந்தாமரை. சிங்கம் திருமால், பிணம் சிவன், தாமரை பிரமன். சக்தி இல்லையேல் சிவன் சவமே என்னும் தாந்திரிகக் கொள்கை இங்கே படமாகிவிட்டது. காதல் வேளையில் வாளைக் கீழே வைத்து மாலையை ஏந்துவாள், சினந்தபோது வாளை மீண்டும் எடுப்பாள் என்றும் அந்நூல் சொல்லும். ஆக்கமும் அழிவும் ஒரே கையில் மாறி மாறி வருவன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்துப் பிற்பகுதியில், மழைக்காலத் தொடக்கத்தில், அம்புவாசி விழா வருகின்றது. பூமித்தாய் மாதவிலக்கு எய்துகிறாள் என்பது நம்பிக்கை. மூன்று நாள் கோயில் அடைக்கப்படும். உழவர் ஏர் பூட்டார், மண்ணைக் கிளறார். நான்காம் நாள் கதவு திறந்தபின், தேவியின் மேல் சாத்திய செந்துணித் துண்டும் ஊற்று நீரும் பிரசாதமாகும். அதற்காகப் பல்லாயிரவர் காத்துக் கிடக்கின்றனர். இதனை அருவருப்பென்று எழுதிய மேனாட்டார் பலர். நம்மவரிலும் முகஞ்சுளிப்போர் உண்டு. விளைநிலமும் பெண்ணுடலும் ஒரே நியதிக்கு உட்பட்டவை என்று கண்ட உழவர் அறிவில் அருவருக்க என்ன இருக்கிறது? உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தேவியின் மாதவிலக்கைத் திருவிழாவாக்கிய அதே கோயிலில், மாதவிலக்கான பெண் அடி வைத்தல் கூடாது என்பதே வழக்கம். கல்லுக்குத் தந்த மதிப்பை உயிருள்ள பெண்ணுக்குத் தர மறுத்தது எவ்வாறு என்பதற்குத் தந்திர நூல்கள் விடை தரவில்லை.

பலியைப் பற்றியும் மறைப்பதற்கில்லை. ஆடும் புறாவும் இன்றும் பலியாகின்றன. பெண் விலங்கை மட்டும் பலியிடுவதில்லை. காளிகா புராணத்தின் ஓர் அத்தியாயம் நரபலியையும் விதிமுறைகளுடன் கூறுகின்றது. வாமாசாரம், தட்சிணாசாரம் என இருநெறியையும் அந்நூல் ஏற்பதால், குருதியும் மலரும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழ்நாட்டு ஸ்ரீசக்கர பூசையில் நடு முக்கோணத்தில் வைத்து வணங்கப்படும் பீடங்களுள் காமகிரி ஒன்று. அது இந்த நீலாசலமே. ஆனால் இங்கு வந்தபோது அது குங்கும அருச்சனையோடு அமைந்துவிட்டது.

அஸ்ஸாமிலேயே இந்நெறிக்கு மறுப்பும் எழுந்தது. 1568இல் மறைந்த சங்கரதேவர், பலியும் பல தெய்வ வழிபாடும் வேண்டா, திருமால் நாமம் ஒன்றே போதும் என்று ஊர் ஊராகப் பாடச் செய்தவர். அந்தணர் சிலர் அவர்மீது குற்றஞ்சாட்டி அரசவைக்கு இழுத்தபோது, அவரைக் காத்து ஆதரித்தவன் வேறு யாருமல்லன். காமாக்கியைக்குக் கோயில் எடுத்த அதே நரநாராயணன்தான்.