பெரிய திரையை வாங்கியவர்கள்

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியைப் பற்றிப் பேசப் புகுந்தால் ஜான் லோகி பேர்டு, ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த், விளாடிமிர் ஸ்வோரிகின் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பணம் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கி, கூடத்தில் வைத்து, அதனுடன் பத்தாண்டு குடித்தனம் நடத்தியவர்களின் அனுபவம் அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம் பெறுவதில்லை. பெரிய திரைத் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இந்த விடுபடல் சிறியதன்று. அதன் ஒவ்வொரு மாற்றமும் வாங்கியவரின் ஏதோ ஒரு குறைக்கு விடையாக வந்தது. வந்த விடை புதியதொரு சுமையையும் கூடவே கொண்டுவந்தது. அந்தச் சுமைகளின் வழியாகவே இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்க்க முயல்வோம்.

முதற்குறை திரையின் சிறுமை. போருக்குப் பின் அமெரிக்காவில் பெருமளவில் விற்ற ஆர்.சி.ஏ நிறுவனத்தின் 630-டி.எஸ் பெட்டி 1946-இல் வெளிவந்தது. விலை ஏறத்தாழ 350 டாலர். படக்குழாயின் அளவு 10 அங்குலம். குடும்பமும் அண்டை வீட்டாரும் கூடி அமர்ந்தால், பின்வரிசைக்காரருக்கு முகம் தெரிவது ஐயமே. ஆகவே திரைக்கு முன்னால் நிறுத்தும் உருப்பெருக்கி வில்லைகள் தனிச் சரக்காக விற்பனைக்கு வந்தன. நேரெதிரே அமர்ந்தவருக்குப் படம் பெரிதாகும். பக்கவாட்டில் இருப்பவருக்குக் கோணலாகும்.

சோவியத் ஒன்றியத்தில் இதே வில்லை ஒரு தலைமுறையின் நினைவாகவே ஆகிவிட்டது. 1949-இல் வெளிவந்த கே.வி.என்-49 என்ற பெட்டியின் திரை மூலைக்கு மூலை சுமார் 18 சென்டிமீட்டர்தான். அதன்முன் காய்ச்சி வடித்த நீரோ கிளிசரினோ நிரப்பிய பெரியதொரு வில்லையை நிறுத்திப் பார்த்தார்கள். கே.வி.என் என்பது கெனிக்சன், வர்ஷாவ்ஸ்கி, நிகோலாயெவ்ஸ்கி என்ற மூன்று பொறியாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகள். வாங்கியவர்களோ அவ்வெழுத்துகளுக்கு வேறு விரிவு கண்டுபிடித்தார்கள்: 'வாங்கினேன், போட்டேன், வேலை செய்யவில்லை.' அதிகாரப்பூர்வமான தர அறிக்கைகள் எதிலும் காணக் கிடைக்காத உண்மை அந்த நகைச்சுவையில் பதிவாகியிருக்கிறது. உரிமையாளர் தரப்பு வரலாற்றின் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றாக இதை நாம் கொள்ளலாம்.

படக்குழாயையே பெரிதாக்கினால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்குத் தடையாக நின்றது வெளிக்காற்று. படக்குழாயின் உட்புறம் வெற்றிடம். வெளியிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. திரை பெரிதாகப் பெரிதாக அழுத்தமும் கூடுகிறது, அதைத் தாங்கக் கண்ணாடி தடிக்கிறது, எடை ஏறுகிறது. இந்தத் தர்க்கத்தின் எல்லையைத் தொட்டது சோனி நிறுவனம். ஜப்பானியப் பொருளாதாரம் உப்பிப் பெருத்திருந்த 1989-இல், 43 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை அது வெளியிட்டது. அந்தத் திரையின் மீது காற்று செலுத்தும் மொத்த அழுத்தம் 5 டன்னுக்கும் மேல். பெட்டியின் எடை சுமார் 200 கிலோ. அமெரிக்க விலை 40,000 டாலர். அவ்வளவு எடையை மாடிப்படியில் ஏற்றுவதும், பின்னாளில் இறக்குவதும், தரை தாங்குமா என்று எண்ணிப் பார்ப்பதும் வாங்கியவர் பாடு.

குழாயைப் பெரிதாக்காமல் படத்தைப் பெரிதாக்க இன்னொரு வழி இருந்தது. திரையரங்கைப் போல ஒளியை வீசிப் பரப்புவது. ஆர்.சி.ஏ 1947-லேயே இதைச் செய்து பார்த்தது. 5 அங்குலக் குழாயின் படத்தை ஆடியால் பெருக்கி, 20 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட திரையில் விழச்செய்தது. ஆனால் ஒரே அளவு ஒளி அகலப் பரவும்போது மங்கும் என்பது மாற்ற முடியாத விதி. ஆகவே ஒளியைப் பரப்பிக் காட்டிய பெட்டிகள் எல்லாம் உரிமையாளரிடம் இருட்டைக் கேட்டன.

அந்தக் கோரிக்கையை மிக வெளிப்படையாக வைத்தவர் ஹென்றி க்ளாஸ். ஒலிபெருக்கிகளை வடிவமைத்துப் பெயர் பெற்ற இவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தாம் நிறுவிய அட்வெண்ட் நிறுவனத்தின் வழியாக, 1970-களின் தொடக்கத்தில் 'வீடியோபீம்' என்ற தொலைக்காட்சியைக் கொண்டுவந்தார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய்கள் கொண்ட பெட்டி ஒருபுறம். எதிரே மூலைக்கு மூலை 7 அடி அளவுள்ள வளைந்த திரை. விலை ஏறத்தாழ 2,500 டாலர். வாங்கியவர் கூடத்தின் சாளரங்களை மூடினார். நாற்காலிகளைத் திரைக்கு நேராக நகர்த்தினார். பெட்டிக்கும் திரைக்கும் இடையே குழந்தைகள் குறுக்கே ஓடாமல் பார்த்துக்கொண்டார். மூன்று நிறப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருந்தாவிட்டால் எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்து நிற்கும். அதையும் அவரே திருகித் திருகிச் சரிசெய்தார்.

இத்தனை பாடுபட்டபின் அவர் கண்டது என்ன? அமெரிக்க ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் சுமார் 480. 7 அடித் திரையில் ஒவ்வொரு வரியும் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்குப் பெருகிவிடும். சிறு திரையில் மறைந்திருந்த குறைகளெல்லாம் பெரிய திரையில் வெளிவந்தன. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே இந்த உண்மையை அடியிலிருந்து ஆராய்ந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பின் தொடங்கிய அந்த ஆய்வு, திரையின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தொலைவில் அமர்ந்து பார்த்தாலும் வரிகள் தெரியாத படத்தை இலக்காகக் கொண்டு 1,125 வரிகள் என்ற முடிவுக்கு வந்தது. எனினும் அத்தகைய ஒளிபரப்பு உலக வீடுகளுக்குப் பரவலாக வந்து சேர மேலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை பெரிய திரையை வாங்கியவர்கள் எல்லாரும் சிறிய திரைக்கென்று அனுப்பிய படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1980-களிலும் 90-களிலும் ஒளிவீசும் குழாய்கள் திரைக்குப் பின்னால் ஒரே பெட்டிக்குள் ஒடுங்கின. 50, 60 அங்குலப் பெட்டிகள் அலமாரிபோல் வீடுகளில் நின்றன. இவற்றின் உரிமையாளர்கள் இருவகை நோய்களை அறிந்திருந்தார்கள். ஒன்று, குழாய்களைக் குளிரவைக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கலங்கிப் படத்தை மங்கலாக்குவது. மற்றொன்று, அசையாத உருவங்கள் குழாயில் நிலையான தழும்பாகப் பதிவது. செய்தி அலைவரிசையின் அடிப்பட்டையும், விளையாட்டில் எந்நேரமும் தெரியும் மதிப்பெண் கட்டமும் அலைவரிசையை மாற்றிய பின்னும் ஆவியுருவாய்த் தங்கின. எதை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று உரிமையாளருக்குப் பெட்டி விதி வகுத்தது.

சுவரில் மாட்டும் படம் என்ற கனவு பிளாஸ்மாவோடு மெய்ப்பட்டது. அதன் பிறப்பிடம் வீட்டுக்கூடமன்று, வகுப்பறை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்திற்காக டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, மாணவர் ராபர்ட் வில்சன் ஆகியோர் 1964-இல் அதை உருவாக்கினர். 1997 வாக்கில் 42 அங்குல வண்ணப் பிளாஸ்மா சுமார் 15,000 டாலருக்குக் கடைக்கு வந்தது. ஆழ்ந்த கருமைக்கும் தோல் நிறத்தின் இயல்புக்கும் அதைப் போற்றியவர்கள் பலர். அதுவும் வெப்பம் உமிழ்ந்தது. மின்சாரத்தை நிறைய உண்டது. பழைய தழும்பு நோயும் அதனிடம் இருந்தது. உயரமான மலையூர்களில் காற்றழுத்தம் குறைவதால், வளிமம் அடைத்த அந்தக் கண்ணாடிப் பலகை ரீங்கரிக்கும். தரம் ஒன்றே ஒரு பொருளைக் காப்பாற்றிவிடாது என்பதற்கும் பிளாஸ்மா சான்று. பயனியர் நிறுவனத்தின் 'குரோ' பலராலும் மிகச் சிறந்தது என்று மதிக்கப்பட்டது. ஆனால் தொலைக்காட்சித் தொழிலை விட்டு விலகுவதாக 2009-இல் அந்நிறுவனம் அறிவித்தது. பானாசோனிக் 2013-இல் பிளாஸ்மா உற்பத்தியை முடித்துக்கொண்டது, சாம்சங்கும் எல்.ஜியும் 2014-இல் கைவிடுவதாக அறிவித்தன. வென்றது மலிவும் எடைக்குறைவும் கொண்ட திரவப்படிகத் திரை.

இந்த இடத்தில் தமிழகம் தன் வழியில் இவ்வரலாற்றுக்குள் வருகிறது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல். இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-இல். நம்மிடம் நெடுங்காலம் திரையின் அளவைவிட அதன்முன் அமர்ந்தவர்களின் தொகையே பெரிதாக இருந்தது. 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. 2006-க்குப் பின் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணப்பெட்டிகள் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றபோது, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் நின்று பார்க்கும் தேவை ஒழிந்தது. அதை இழப்பு என்று மட்டும் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. யார் வீட்டில் யார் உள்ளே வரலாம், யார் வாசலோடு நிற்கவேண்டும் என்ற வேறுபாடும் அந்தக் கூட்டத்தில் இருந்தது என்பதை மறந்துவிட முடியாது.

அதே ஆண்டுகளில் பெரிய தட்டைத் திரை இங்கு வந்த வழி விமான நிலையம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள், அட்டைப் பெட்டியில் கட்டிய தொலைக்காட்சியைப் பயணச் சாமானாகவே கொண்டுவந்தார்கள். அவ்வாறு வருவது பெருகவே, 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத்திரைத் தொலைக்காட்சிக்குப் பயணிகளின் தீர்வை விலக்கு நீக்கப்பட்டது. 35 விழுக்காட்டுக்கும் மேல் சுங்கம் செலுத்தவேண்டியதாயிற்று. எத்தனையோ மாதச் சம்பளத்தின் மிச்சம் அந்தப் பெட்டி. ஆனால் வீட்டில் அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் பழைய கேபிள் இணைப்பே. 4:3 விகிதப் படத்தை அகலத்திரை முழுவதும் இழுத்து நிரப்பியதில் கதாநாயகர்கள் குட்டையாகிப் பருத்தார்கள். ஓரங்களில் கருப்புப் பட்டை விட்டுப் பார்த்தால் உருவம் சரியாக இருக்கும். கொடுத்த காசுக்குத் திரை வீணாகிறதே என்று பலருக்கும் மனம் ஒப்பவில்லை. வீடியோபீமை வாங்கிய அமெரிக்கரின் ஏமாற்றமும் இதுவும் ஓரினமே: பெட்டி முந்திக்கொண்டது, படம் பின்தங்கியது.

படம் பெட்டியை எட்டிப் பிடித்த பிறகு சிக்கல் திசை மாறியது. அசைவை மெழுகிக் காட்டும் வசதியைத் தயாரிப்பாளர்கள் தாமாகவே இயக்கிவைத்து விற்றார்கள். வினாடிக்கு 24 சட்டங்களில் எடுத்த திரைப்படம் நெடுந்தொடர் போல் வழுவழுத்தது. அதை அணைத்துவிடுங்கள் என்று நடிகர் டாம் க்ரூஸ் 2018-இல் காணொளி வெளியிட்டுக் கேட்கும் அளவுக்கு அது பரவியிருந்தது. இதைவிடக் கடுமையானது 2017-இல் வெளிப்பட்டது. விசியோ நிறுவனம் 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளில், உரிமையாளரின் ஒப்புதலின்றி அவர் பார்ப்பவற்றைக் குறித்துச் சேகரித்தது என்பது அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கு. 22 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. பெட்டிக்கு விலை கொடுத்தவரின் மாலைப்பொழுதுகளும் தனியே விலைபோயின.

இந்த வரிசையைத் திரும்பப் பார்க்கையில் ஒன்று புலனாகிறது. கே.வி.என்-ஐ வாங்கியவர் வில்லைக்கு நீர் ஊற்றினார்; வீடியோபீமை வாங்கியவர் நிறங்களைப் பொருத்தினார்; நம் ஊர்ப் பெட்டிகளைத் தெருமுனை மெக்கானிக் திறந்து பற்றவைத்துக் கொடுத்தார். பெட்டி தொல்லை தந்தது. அந்தத் தொல்லையில் கைவைக்கும் உரிமையும் கூடவே இருந்தது. இன்றைய திரைக்கு எடையில்லை, இருட்டு வேண்டாம், பராமரிப்பும் இல்லை. பலகையில் ஒரு கோடு விழுந்தால் அதை மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்குகிறது. சரிசெய்யக்கூடிய சிறு பழுதுக்கும் பாகம் கிடைப்பதில்லை என்ற பதிலே வாங்கியவருக்குப் பழகிப்போய்விட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், தொலைக்காட்சியின் முக்கிய உதிரிபாகங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் கிடைக்கச் செய்யவேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு விதித்திருக்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத்துறை 2022 இறுதியில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலைத் திறந்தது. ஐரோப்பாவில் உள்ளது போன்ற கட்டாய விதி அதன்மூலம் வந்துவிடவில்லை. கடைக்குள் நுழைகையில் அங்குலத்தையும் விலையையும் நாம் தவறாமல் கேட்கிறோம். பழுதானால் பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நமக்கு இனியேனும் வரவேண்டும்.