ஓ.டி. ஏன் இரட்டிப்பு?

2023 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கே.ஜி.கண்டிகையில் எங்க தெருத் தம்பி ஒருத்தன் சம்பளச் சீட்டோட வந்தான். கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போறவன். "அண்ணா, ஓ.டி. டபுள்னு போட்டிருக்கான். ஆனா கணக்கு எங்கயோ இடிக்குது."

உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். மாதச் சம்பளம் 15,600. 26 நாள், தினம் 8 மணி நேரம். ஆக 208 மணி. மணிக்கு 75 ரூபாய். 20 மணி நேர ஓ.டி.க்கு 1,500 தான் வந்திருக்கு. இரட்டிப்பு எங்கே? விஷயம் அடிப்படைச் சம்பளத்தில் இருந்தது. அது 7,800 தான், மீதியெல்லாம் படிகள். அடிப்படையை மட்டும் எடுத்தால் மணிக்கு 37.50. அதை இரட்டித்தால் அதே 75! பேர்தான் டபுள், காசு சிங்கிள்.

2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 59 இப்படிச் சொல்லவில்லை. நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணியைத் தாண்டினால் சாதாரண ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு என்றது அது. அந்தச் சட்டத்தில் 'சாதாரண ஊதியம்' என்பது அடிப்படையும் படிகளும் சேர்ந்ததாக இருந்தது, போனஸும் ஓ.டி.யும் மட்டும் சேரவில்லை. அந்தக் கணக்கில் தம்பிக்கு வர வேண்டியது 3,000.

ஏன் சரியா இரண்டு மடங்கு? அன்னிக்கு ராத்திரி இதைத் தேட ஆரம்பிச்சேன். 1922 சட்டத்தில் வாரம் 60 மணி, அதைத் தாண்டினால் ஒண்ணேகால் மடங்கு. 1934 சட்டத்தில், ஆண்டு முழுக்க ஓடும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி. 1946-ல், அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 48 மணி ஆனது. நேரம் குறையக் குறைய, கூடுதல் நேரத்தின் விலை ஏறியிருக்கு.

காரணம் எளிது. கூடுதல் மணிக்கும் அதே விலைன்னா, புது ஆள் எடுப்பதைவிட இருக்கிறவனையே இழுத்துப் பிடிப்பது முதலாளிக்கு லாபம். விலை இரட்டிப்பானால் இன்னொரு ஆளை வைப்பதே மலிவு. ஆக ஓ.டி. உழைப்புக்குக் கூலி மட்டுமில்லை. வேலை நேரத்துக்குப் போட்ட பிரேக்கும்கூட.

அந்த பிரேக்கைப் பிடுங்கினால் என்ன ஆகும்னு 2020-ல் பார்த்தோம். கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு ஏப்ரல் 17 அன்று ஓர் அறிவிக்கை போட்டது. நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி, கூலி விகிதப்படி. 8 மணிக்கு 80 ரூபாய் என்றால் 12 மணிக்கு 120. வாரத்துக்கு 720. சட்டப்படி? 48 மணிக்கு 480, மீதி 24 மணிக்கு இரட்டிப்பாக 480, மொத்தம் 960. நாலில் ஒரு பங்கு காணாமல் போகிறது.

குஜராத் மஸ்தூர் சபா வழக்குப் போட்டது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்து, ஓ.டி. பாக்கியையும் கொடுக்கச் சொன்னது. பொது நெருக்கடி என்று சட்டம் சொல்வது நாட்டின் பாதுகாப்பையே பாதிக்கும் போர், உள்நாட்டுக் கலவரம் போன்றவற்றை. பொருளாதாரச் சரிவு அதில் வராது என்றது.

தம்பி வந்த அதே வாரம்தான், ஏப்ரல் 21-ல், தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார்.

தம்பிக்குப் பாக்கி 1,500 வந்ததா? வரலை. "தனியா கேட்டா என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்கண்ணா" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. குஜராத்திலும் வழக்குப் போட்டது ஒரு சங்கம், தனி ஆள் இல்லை.

ஆனாலும் ஒரு பழக்கம் வந்திருக்கு. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இரண்டையும் தினமும் நோட்டில் எழுதுறான். கூட பஸ்ஸில் போற நாலு பேரும் இப்போ எழுதுறாங்களாம்.