யோப்பாவுக்குக் கப்பலேறிய யாத்திரிகர்கள்

1483-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் வெனிஸ் நகரை வந்தடைந்த ஜெர்மானிய யாத்திரிகர்கள், புனித மாற்கு தேவாலயத்தின் முன்னுள்ள பெரிய சதுக்கத்தில், வெண்துணியில் சிவப்புச் சிலுவை பொறித்த இரண்டு கொடிகள் உயர்ந்த கம்பங்களில் பறப்பதைக் கண்டார்கள். எருசலேமுக்குச் செல்ல அவ்வாண்டு இரண்டு கப்பல்கள் ஆயத்தமாகின்றன என்பதற்கு அவையே அடையாளம். ஒவ்வொரு கொடியின் அடியிலும் கப்பல் தலைவன் ஒருவனுடைய ஏவலாட்கள் நின்றுகொண்டு, வருவோரை வழிமறித்து, தம் எஜமானனைப் புகழ்ந்தும் மற்றவனைத் தூற்றியும் பேசினார்கள். கப்பலைப் பார்வையிட ஒப்புக்கொண்டவர்களுக்குக் கிரீட் தீவின் மதுவும் அலெக்சாந்திரியாவின் தின்பண்டங்களும் அளித்து உபசாரம் நடந்தது. இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர் உல்ம் நகரத்து டொமினிக்கன் துறவியான ஃபெலிக்ஸ் ஃபாப்ரி. அவர் 1480-லேயே ஒருமுறை போய், புண்ணிய பூமியில் ஒன்பது நாள்தான் தங்க வாய்த்தது என்ற மனக்குறையோடு திரும்பி, மறுபடியும் புறப்பட்டு வந்தவர். ஆகையால் உபசாரத்தின் உட்பொருள் அவருக்கு விளங்கியிருந்தது.

யாத்திரிகனை ஏமாற்றுவது எந்த ஒரு ஜாதிக்கோ மதத்திற்கோ உரிய துர்க்குணமென்று நான் கருதவில்லை. உள்ளூர்க்காரன் நாளையும் அதே கடைக்கு வருவான். பழுதான சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நின்று சண்டையிடுவான். அந்தப் பயம் ஒன்றே வியாபாரியின் தராசைப் பெரும்பாலும் நேராக வைத்திருக்கிறது. அயலானோ ஒரேமுறை வருகிறான். விலையறியான், பாஷையறியான், திரும்பி வந்து கேட்கவும் மாட்டான். இவ்வாறு கேட்பாரற்று நிற்பவனுக்குக் கேட்பார் ஒருவரை ஏற்படுத்திக் கொடுக்க முயன்ற ராஜ்யங்களில் வெனிஸ் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. அது தர்மசிந்தனையால் மட்டும் செய்த காரியமன்று. யாத்திரிகர் கூட்டம் வேறு துறைமுகத்தை நாடிவிட்டால் நகரத்தின் வருமானம் போகுமே என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. ஆயினும் சுயநலத்தை நியாயத்தின் பக்கம் திருப்பிவிடுவதே நல்ல அரசாட்சியின் திறமை என்பது என் அபிப்பிராயம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு முதற்கொண்டே யாத்திரைக் கப்பல்களைப் பற்றி வெனிஸில் சட்டங்கள் இயற்றப்பட்டு வந்தன. தொலொமாரிகள் என்று பெயர்பெற்ற அரசாங்க வழிகாட்டிகள் ரியால்ட்டோ என்ற வியாபாரப் பகுதியிலும் மாற்கு சதுக்கத்திலும் நின்று, அயலாரைச் சத்திரத்திற்கும், நாணயம் மாற்றுவோரிடத்திற்கும், கப்பல் தலைவனிடத்திற்கும் அழைத்துச் செல்வார்கள். கத்தாவெர் என்ற அதிகாரிகள் அவர்களையும் கப்பல் தலைவர்களையும் கண்காணித்தார்கள். வழிகாட்டியின் நிலைமை எக்காலத்திலும் சங்கடமானது. யாத்திரிகன் ஒருமுறை கூலி கொடுப்பவன், கடைக்காரனோ ஆண்டு முழுவதும் தரகு கொடுக்கக்கூடியவன் என்பதனால், யாத்திரிகனுக்காகப் பேசுகிறவன் உண்மையில் கடைக்காரனுடைய ஆளாகிவிடுவது எளிது. அதனால்தான் இந்த உத்தியோகத்திற்குக் கட்டுப்பாடு அவசியமாயிற்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது உடன்படிக்கைப் பத்திரம். ஃபாப்ரியும் அவரோடு சென்ற பிரபுக்களும் பியெத்ரோ லாண்டோ என்ற கப்பல் தலைவனைத் தேர்ந்துகொண்டு அவனோடு செய்த ஏற்பாடு ஷரத்து ஷரத்தாக எழுதப்பட்டது. தலைக்கு நாற்பது டுக்காட் பொற்காசு. பாதி வெனிஸில், மறுபாதி புண்ணிய பூமியின் துறைமுகமான யோப்பாவில். இதற்கு ஈடாக, குறித்த கெடுவுக்குள் புறப்பட வேண்டும். நாள்தோறும் இருவேளை உணவும், காலையில் ஒரு கிண்ணம் மதுவும் தரவேண்டும். தன் வியாபாரத்திற்காகத் துறைமுகங்களில் வீணே தங்கலாகாது. புண்ணிய பூமியில் யாத்திரிகர்களை அவசரப்படுத்தாமல் யோர்தான் நதிவரை அழைத்துச் செல்ல வேண்டும். சுங்கம், வழிக்காவல், கழுதை வாடகை அனைத்தும் தலைவனின் பொறுப்பு. கோழி வளர்த்துக்கொள்ள மேல்தளத்தில் இடம் விடவேண்டும் என்பதுகூட அதில் உண்டு. யாத்திரிகன் ஒருவன் வழியில் இறந்தால் அவன் உடைமையில் தலைவன் கைவைக்கலாகாது. புண்ணிய பூமியைச் சேருமுன் இறந்தால் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பித் தரவேண்டும்.

இந்த ஷரத்துகளை ஊன்றிப் படித்தால், முன்பு போனவர்கள் எந்தெந்த இடத்தில் ஏமாந்தார்களோ அந்தந்த இடத்தில் பின்வந்தவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தை நட்டு வைத்திருக்கிறார்கள் என்பது புலப்படும். இறந்தவனுடைய மூட்டையைப் பற்றி ஒரு ஷரத்து எழுதப்பட வேண்டுமானால், அதற்குமுன் எத்தனை மூட்டைகள் வீடுபோய்ச் சேராமல் போயிருக்க வேண்டும்! கணக்கின் உட்சூட்சுமமும் அதிலேயே வெளிப்படுகிறது. கட்டணம் ஒரே தொகையாகையால், கப்பலேறிய பிறகு கழியும் ஒவ்வொரு நாளும் தலைவனுக்குச் சாப்பாட்டுச் செலவு. ஏறுமுன் கழியும் நாளோ யாத்திரிகனுக்குச் சத்திரச் செலவு. ஆதலால் புறப்படும்வரை தாமதமும், புறப்பட்ட பின் அவசரமும் தலைவனுக்கு இலாபம். கெடு எழுதியிருந்தும், அந்தக் கூட்டத்தார் ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் கடலைக் கண்டார்கள்.

அதுவரையில் ஃபாப்ரி தங்கியிருந்தது ஜெர்மானியர்கள் நடத்திய ஒரு சத்திரத்தில். அங்கே எல்லோரும் அவருடைய பாஷையே பேசினார்கள். சத்திரத்து நாய்கூட, எந்தப் பகுதியிலிருந்து வந்தாலும் ஜெர்மானியரைக் கண்டால் வாலைக் குழைத்துத் துள்ளும், இத்தாலியரைக் கண்டால் சீறிக் குரைக்கும் என்று அவர் வியந்து எழுதுகிறார். அந்நிய நகரத்தில் தன் பாஷை கேட்கும் இடம் யாத்திரிகனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தக் குறிப்பில் உணரலாம்.

சட்டத்தைவிட ஒருபடி அதிகமாகவே யாத்திரிகர்களைக் காத்தது, போய்வந்தவர்கள் எழுதி வைத்த அனுபவம். 1458-லும் 1462-லும் சென்றுவந்த வில்லியம் வே என்ற ஆங்கிலேயர், ஈட்டன் கல்லூரியைச் சேர்ந்தவர், கப்பலின் கீழ்த்தட்டு வெப்பமும் துர்நாற்றமும் நிறைந்ததாகையால் மேல்தட்டிலேயே இடம் பேசிக்கொள்ளுங்கள் என்கிறார். மாற்கு தேவாலயத்தருகே இறகு மெத்தை, தலையணை, விரிப்பு, போர்வை எல்லாம் சேர்த்து மூன்று டுக்காட்டுக்கு வாங்கலாம், திரும்பி வரும்போது அதே கடைக்காரன் ஒன்றரை டுக்காட்டுக்கு எடுத்துக்கொள்வான் என்று கணக்கும் சொல்கிறார். அந்த மெத்தைக் கடைக்காரனை நான் மிகவும் மதிக்கிறேன்; திரும்பி வருவோன் என்ற எண்ணத்தோடு அயலானுக்குச் சரக்கு விற்றவன் அவன். கரையிறங்கியதும் முந்திக்கொண்டு நல்ல கழுதையைப் பிடிக்கவேண்டும், பிந்தினாலும் வாடகை அதேதான் என்பது வேயின் மற்றோர் உபதேசம். ஃபாப்ரியின் முதல் யாத்திரையில் உடன் சென்ற மிலான் நகரத்துச் சான்டோ பிராஸ்கா, ஒரு பை நிறையப் பொறுமையும், மற்றொரு பையில் இருநூறு டுக்காட்டும், குறைந்தபட்சம் நூற்றைம்பதாவது, எடுத்துவரச் சொல்கிறார். நாற்பது டுக்காட் கட்டணத்துக்கும் நூற்றைம்பதுக்கும் இடையிலுள்ள தூரமே, பத்திரத்தில் எழுதப்படாத செலவுகளின் அளவு.

யோப்பாவில் அந்தத் தூரம் கண்கூடாகத் தெரிந்தது. பாழடைந்த அத்துறையில் இறங்கியவர்களின் பெயரையும் தகப்பன் பெயரையும் அப்போது அந்நாட்டை ஆண்ட மம்லூக் சுல்தானின் எழுத்தர்கள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டு, கடலோரத்தில் இடிந்து கிடந்த கமான் குகைகளில் அவர்களை அடைப்பார்கள். தரையெல்லாம் அசுத்தம். யாத்திரிகர்கள் கைகளாலேயே அதை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்போது, படுக்கைக்குக் கோரையும் தழையும் விற்பவர்கள் வருவார்கள்; பன்னீர், கஸ்தூரி, வாசனைத் தைலம் விற்பவர்கள் வருவார்கள்; வாசலில் காவல் நிற்பவனுக்கும் காசு அழவேண்டும். இவையெல்லாம் கப்பல் தலைவனின் பத்திரத்தில் சேராதவை. துர்நாற்றமுள்ள இடத்தில் அடைத்துவிட்டு வாசனைப் பொருளை விற்கும் அந்த வியாபாரத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. ஆனால் அதைக் கொண்டு ஒரு மதத்தாரையே வசைபாடிய யாத்திரை நூலாசிரியர்களோடு என்னால் சேரமுடியாது. மாற்கு சதுக்கத்து உபசாரமும் யோப்பாக் குகையும் ஒரே தொழிலின் இரு முனைகள்.

ஃபாப்ரியிடமே இதற்குச் சாட்சி இருக்கிறது. முதல் யாத்திரையில் தமக்குக் கழுதையோட்டிய முஸ்லிமை அவர் மறக்கவில்லை. மூன்றாண்டு கழித்து மறுபடி வந்தபோது, அவனுக்கென்று உல்ம் நகரத்திலிருந்து இரண்டு இரும்பு அங்கவடிகளைச் சுமந்துகொண்டு வந்தார். அவனும் கூட்டத்தில் அவரை அடையாளங்கண்டு ஆனந்தத்தோடு வரவேற்றான். முதல்முறை வருகிறவனை இழுத்துப் பறிக்கும் அதே கூலிக்காரர்களுக்கிடையே, இரண்டாம்முறை வருகிறவனுக்குச் சிநேகிதன் கிடைத்துவிட்டான்.

யோப்பாவிலிருந்து எருசலேம் செல்லும் வழியிலுள்ள ராம்லாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் யாத்திரிகர்களைக் கூட்டி இருபத்தேழு விதிகளை வாசித்துக் காட்டுவது வழக்கம். புனிதக் கல்லறையைப் பெயர்த்துத் துண்டு எடுக்காதீர், சுவர்களில் பெயர் பொறிக்காதீர், முஸ்லிம்களின் சமாதிகளை மிதிக்காதீர் என்பவை அவற்றுட் சில. அயலானை வஞ்சிக்கிறவர்கள் ஒருபுறமிருக்க, அயலானும் வந்த இடத்தை வஞ்சிப்பதுண்டு என்பதை அத்துறவிகள் மறைக்கவில்லை.

அதே 1483-இல் மற்றொரு கப்பலில், அகஸ்தினோ கொந்தாரினி என்ற தலைவனோடு சென்ற மெயின்ஸ் நகரத்துப் பிரைடன்பாக், தம் யாத்திரை நூலை 1486-இல் சித்திரங்களோடு அச்சிட்டபோது, கப்பல் உடன்படிக்கையின் ஷரத்துகளையும் அதில் சேர்த்தார். அதன்பின் வெனிஸுக்குப் புறப்படுகிறவன், எதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை ஊரிலிருந்தபடியே படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1516-இல் எருசலேம் துருக்கியர் வசமாயிற்று; 1522-இல் கப்பல்களின் வழித்துறையான ரோட்ஸ் தீவும் அவர்களிடம் வீழ்ந்தது; ஜெர்மனியில் லூதரின் போதனை பரவியபின் யாத்திரையில் நம்பிக்கை வைத்தவர்களே குறைந்தார்கள். ஆண்டுதோறும் கொடி நாட்டிப் புறப்பட்ட யாத்திரைக் கப்பல்கள் நின்றுபோயின. பிறகு சென்றவர்கள் வியாபாரக் கப்பல்களில் இடம்பிடித்து, சைப்பிரஸிலோ சிரியாவின் திரிபோலியிலோ இறங்கி, படகுக்கும் கழுதைக்கும் காவலுக்கும் வாயிலுக்கும் தனித்தனியே பேரம் பேசிக் கேட்ட பணத்தைக் கொடுத்தார்கள்.