பெல்லாரியில் நான்கு தமிழ்ப் பள்ளிகள்

ஒரு நாட்டின் கல்வி நிலையை அறியப் பள்ளிகள் எத்தனை என்று கேட்டால் மட்டும் போதாது. அங்கு யார் பயின்றனர், எதைப் பயின்றனர், யார் வர இயலாது நின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். 1822-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ, பள்ளிகளையும் மாணாக்கரையும் ஜாதிவாரியாகக் கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார்.

வந்த அறிக்கைகளுள் மிக விரிவானவற்றுள் ஒன்று, பெல்லாரிக் கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதியது. அனந்தப்பூர்ப் பகுதியும் அடங்கிய அந்த ஜில்லாவின் மக்கள்தொகை 9,27,857, பள்ளிகள் 533, மாணாக்கர் 6,641. பள்ளிக்குப் பன்னிரண்டு பேர்; மக்களில் ஆயிரத்துக்கு ஏழு பேர். அவர்களுள் பெண்கள் அறுபதே!

கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்கு 226, மராத்தி 23, வடமொழி 23, பாரசீகம் 21, ஆங்கிலம் 1. எஞ்சிய நான்கும் தமிழ்ப் பள்ளிகள். கன்னடமும் தெலுங்கும் வழங்கிய அந்த ஜில்லாவிலும் தமிழ்க் குழந்தைகள் ஏடு தொடங்க இடம் இருந்தது.

பயிற்சியின் தரம் எத்தகையது? மணலில் விரலால் எழுதிப் பழகும் சிக்கனத்தையும், முன்னேறிய மாணாக்கன் பின்தங்கியவனுக்குக் கற்பிக்கும் முறையையும் காம்பெல் பாராட்டினார். ஆனால், மாணாக்கர் செய்யுட்களை மனப்பாடமாக ஒப்பித்தனரேயன்றிப் பொருள் உணர்ந்திலர் என்றும் குறை கூறினார். செய்யுள் நடை பேச்சு வழக்கினின்று வேறுபட்டிருந்ததும், ஆசிரியருக்கே பொருள் விளங்காதிருந்ததும் அதற்குக் காரணங்கள்.

பள்ளிகள் நலிந்தமைக்கு அவர் காட்டிய காரணம் வறுமை. இங்கிலாந்தின் பருத்தித் துணி வந்து இந்நாட்டு நெசவை நசுக்கியது, செல்வம் வெளியேறியது. சம்பளம் கொடுக்க இயலாத பெற்றோர், கைகால் வலுப்பெற்றதும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினர். 533 பள்ளிகளுள் ஒன்றுக்கேனும் அப்போது அரசின் உதவி இல்லை என்பதை வெட்கத்துடன் குறிப்பிட்டார், அரசின் ஊழியரேயான அக் கலெக்டர்.

ஆகவே, அந் நான்கு தமிழ்ப் பள்ளிகளும் அரசின் கொடையால் நின்றவை அல்ல. பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இக் கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தாய்மொழிக் கல்விக்கு முதற் பொறுப்பு குடும்பத்தினுடையது என்பது ஒன்று. நம் குழந்தை தமிழ்ச் செய்யுளைப் பிழையின்றி ஒப்பிக்கும்போது மகிழ்வதோடு நில்லாமல், அதன் பொருளையும் கேட்டறிதல் வேண்டும் என்பது மற்றொன்று.